மேய்ப்பர் இல்லாத ஆண்டுகளிலும் மேய்த்த ஆண்டவர்



நம் பங்கு பவள விழாக் கொண்டாடும் இந்த நல்ல வேளையில், விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நம் கோவில் எழும்பிய வரலாற்றை நம் ஊர்ப் பெரியவர்கள் இம்மலரின் மற்றப் பக்கங்களில் எழுதியுள்ளார்கள். அதை நேரில் கண்டவர்கள் அவர்கள், நான் வந்தவன். ஆகவே நான் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அது நம் தாய்மொழியிலேயே செபித்த மக்களின் வரலாறு. பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அதை இந்த மலரில் எழுதவேண்டும் என்று என்னைத் தூண்டியது ஒரு மகனின் கேள்வி.

ஒரு மகனின் கேள்வி

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோயின் காரணமாகக் கோவில்கள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஆண்டுப் பெரிய வெள்ளியும் பாஸ்காத் திருவிழிப்பும், நான் அப்போது பணியாற்றிய பங்கில், உபதேசியாரும் நானும் மட்டுமே இருக்க நடந்தேறின. பாஸ்கா மெழுகுதிரியை ஏந்தி 'கிறிஸ்துவின் ஒளி' என்று நான் பாடியபோது, பதில் பாட ஒரே ஒரு குரல்தான் இருந்தது.

அடுத்த ஆண்டு, 2021-இல், இரண்டாம் அலை வந்தது. அப்பங்கின் பெரியவர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செய்தி அறிந்ததும் திருத்தைலச் சிமிழை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டி உள்ளே போக யாருக்கும் அனுமதி இல்லை. வெகுநேரம் வெளியே நின்று செபித்துவிட்டுச் சிமிழோடு திரும்பி வந்தேன். மறுநாள் காலையில் அவர் இறந்துவிட்டார். அடக்கத்திற்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே வந்தார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது அவருடைய மகன் என்னைப் பார்த்து, "சாமி, எங்கப்பா அறுபது வருஷமா ஞாயித்துக்கிழமை பூசையை விட்டதே இல்ல. கடைசி நேரத்துல ஒரு அவஸ்தைப் பூசுதல்கூட அவருக்குக் கிடைக்கலையே. ஆண்டவர் எங்கப்பாவைக் கைவிட்டுட்டாரா?" என்று கேட்டார்.

குருமடத்தில் இறையியல் படித்தவன் நான். சொல்வதற்குப் பாடங்கள் இருந்தன. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது ஒரு வார்த்தையும் வரவில்லை. அவருடைய தோளில் கைவைத்து நின்றேன், அவ்வளவுதான்.

அன்று மாலை பூட்டிய கோவிலில் தனியே அமர்ந்திருந்தபோது, இதே கேள்வியை ஒரு மக்கள் கூட்டமே 29 ஆண்டுகள் கேட்டிருக்க வேண்டுமே என்ற எண்ணம் எனக்கு வந்தது. குருமடத்தில் திருச்சபை வரலாற்று வகுப்பில் படித்த யாழ்ப்பாணத் திருச்சபையின் கதை அது. பழைய புத்தகங்களை எடுத்து மீண்டும் படித்தேன். அப்போது கண்டதையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1658: மேய்ப்பர்கள் போனார்கள்

இலங்கையின் வடபகுதியில் விசுவாச வித்து விழுந்தது புனித சவேரியார் காலத்தில். முத்துக்குளித்துறையில் அவர் பணியாற்றிக்கொண்டிருந்தபோது மன்னார் மக்கள் அவரை அழைத்தார்கள். அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். அங்கே திருமுழுக்குப் பெற்றவர்களுள் சுமார் 600 பேர் 1544-இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். மன்னார் மறைசாட்சிகள் என்று இன்றும் அவர்களைப் போற்றுகிறோம்.

1619-இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசர் கைக்கு வந்தது. பிரான்சிஸ்கன் சபைக் குருக்களும் இயேசு சபைக் குருக்களும் ஊர்தோறும் கோவில்களை எழுப்பினார்கள். பெருந்தொகையானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். அரசின் தயவை நாடி வந்தவர்களும் அவர்களுள் உண்டு. உள்ளத்தால் வந்தவர்களும் உண்டு. யார் எப்படிப்பட்டவர் என்பதை அமைதிக் காலத்தில் பிரித்தறிய முடியாது. சோதனை வரும்போதுதான் தெரியும்.

சோதனை 1658-இல் வந்தது. ஒல்லாந்தர் என்னும் டச்சுக்காரர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கொழும்பைக் கைப்பற்றியிருந்தனர். இப்போது தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தனர். குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். கோவில்களிலிருந்து சொரூபங்கள் அகற்றப்பட்டு, அவை சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பள்ளிகளாகவும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்ற ஆணை பிறந்தது. பிள்ளைகள் ஒல்லாந்தப் பள்ளிக்குச் செல்லவேண்டும். திருமுழுக்கும் திருமணமும் அவர்களுடைய பதிவேட்டில் ஏறவேண்டும். இல்லையேல் சொத்துரிமைக்கே இடையூறு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்து நம் பிரிந்த சகோதரர்கள்மீது யாரும் மனக்கசப்புக் கொள்ளலாகாது. ஒல்லாந்தக் கம்பெனி வாணிபக் கம்பெனி. கறுவாவும் முத்தும் யானையும் அதன் கண்ணில் நின்றன. கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று அது அஞ்சியது. அதே காலத்தில் கத்தோலிக்க அரசர்கள் ஆண்ட நாடுகளில் சீர்திருத்த சபையாரும் துன்புற்றார்கள். அந்தக் காலத்தின் பாவம் அது. எல்லாருக்கும் அதில் பங்குண்டு.

இப்படியாக ஞாயிறு வந்தது, திருப்பலி இல்லை. பாஸ்கா வந்தது, பாவசங்கீர்த்தனம் இல்லை. மரணம் வந்தது, திருத்தைலம் இல்லை. ஓராண்டு, ஈராண்டு அல்ல, 29 ஆண்டுகள். அந்நாளில் திருமணமான பெண் பேரப்பிள்ளை கண்டுவிட்ட காலம் அது.

குருவில்லா வீடுகளில் நடந்தது என்ன?

விசுவாசம் செத்துப்போயிருக்க வேண்டும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஒல்லாந்தரும் அப்படியே எண்ணினார்கள். பலர் தளர்ந்துபோனது உண்மையே. வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தளராதவர்களும் இருந்தார்கள். பகலில் ஒல்லாந்தரின் ஆலயத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, இரவில் வீட்டுக் கதவை அடைத்துச் செபமாலை சொன்னவர்கள் இருந்தார்கள். மூப்பரும் உபதேசியாரும் குடும்பத் தலைவர்களும் செபங்களை முன்நின்று சொன்னார்கள். சாகக் கிடந்த குழந்தைக்குப் பாட்டி தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்தாள்.

இது எப்படி முடிந்தது? ஒரு காரணத்தை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்த மக்களுக்குச் செபங்கள் அவர்களுடைய தாய்மொழியில் தெரிந்திருந்தன. முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலும் உழைத்த அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு மறைக்கல்வி நூலைத் தமிழ் எழுத்தில் கொல்லத்தில் அச்சிட்டார். அன்றுமுதல் நம் மக்கள் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழிலேயே மனப்பாடம் செய்தார்கள். கோவிலைப் பூட்டலாம், சொரூபத்தை உடைக்கலாம், புத்தகத்தைப் பறிக்கலாம். தாயின் வாயிலிருந்து பிள்ளையின் நெஞ்சுக்கு இறங்கிய செபத்தை எந்த வீரன் பறிக்க முடியும்?

மன்னார்ப் பகுதியில் நடந்த இன்னொன்றையும் நம் மரபு சொல்கிறது. 1670-ஆம் ஆண்டளவில் மாந்தையில் வாழ்ந்த 20 கத்தோலிக்கக் குடும்பங்கள், தங்கள் கோவிலிலிருந்த மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். மருதமடு என்ற இடத்தில் அதை இறக்கி வைத்து அங்கேயே தங்கினார்கள். அவர்களோடும் குரு இல்லை. இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் மடு மாதா திருத்தலத்தின் தொடக்கம் அதுதான். ஓடி ஒளிந்தவர்கள் இறக்கி வைத்த இடம், ஒரு நாட்டுக்கே அடைக்கலமாயிற்று!

கோவாவில் ஓர் ஏழு வயதுச் சிறுவன்

இப்போது நம் பார்வையைக் கோவாவுக்குத் திருப்புவோம். 1651 ஏப்ரல் 21-ஆம் நாள் அங்கே பெனாவுலிம் என்ற ஊரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கொங்கணி பேசும் குடும்பம். யோசேப்பு என்று பெயரிட்டார்கள். அவரே யாழ்ப்பாணத்து மக்கள் 'யோசே வாஸ் முனிவர்' என்று அன்போடு அழைக்கும் புனித யோசேப்பு வாஸ்.

ஆண்டுகளைச் சற்று கூட்டிப் பாருங்கள். 1658-இல் யாழ்ப்பாணத்தில் அந்தக் கொடிய ஆணை வெளியானபோது இவருக்கு வயது ஏழு. கோவாவில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தார். குருக்கள் கப்பலேறுவதைப் பார்த்து யாழ்ப்பாணத் தாய்மார்கள் அழுதார்களே, அந்த அழுகைக்குரிய பதிலை ஆண்டவர் ஏற்கெனவே பிறப்பித்திருந்தார். அவர்களுக்கு அது தெரியாது. அந்தச் சிறுவனுக்கும் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்.

1676-இல் அவர் குருவானார். அடுத்த ஆண்டில், சான்கோலே ஊரின் ஆரோக்கிய அன்னை கோவிலில், தம்மைத் தேவதாயின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு பத்திரம் எழுதி வைத்தார். இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிப்பதைக் கேள்விப்பட்டு அங்கே போகத் துடித்தார். அதிகாரிகள் 1681-இல் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். கீழ்ப்படிந்து சென்றார். திரும்பி வந்து 1685-இல் கோவாவில் தொடங்கியிருந்த ஒரு சிறு குருக்கள் குழுவில் சேர்ந்தார். அதுவே பின்னர் ஓரட்டோரியன் சபையாயிற்று. அதன் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதையும் துறந்து, 1686-இல் யோவான் என்ற இளைஞனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தெற்கே புறப்பட்டார்.

வெள்ளைத்தோல் ஐரோப்பியக் குருவை ஒல்லாந்தர் துறைமுகத்திலேயே பிடித்துவிடுவார்கள். கறுத்த கோவாக்காரர் ஒருவர் கூலியாளைப்போல் கந்தையுடுத்தி இறங்கினால் யாருக்குத் தெரியும்? ஆம்! எந்த நிறத்தை அக்காலத்தில் தாழ்வாக எண்ணினார்களோ, அதையே ஆண்டவர் தம் ஊழியருக்குப் போர்வையாக்கினார்.

பிச்சைக்காரர் கழுத்தில் ஒரு செபமாலை

தூத்துக்குடி வந்து கப்பலேறினார். புயலில் சிக்கிய பயணம் அவர் உடலை முறித்துவிட்டது. 1687 பாஸ்காக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது, வயிற்றுக்கடுப்பால் நடக்க முடியாத நிலை. ஊருக்கு வெளியே கிடந்தார். துணைக்கு வந்த யோவானும் நோயில் விழுந்தான். இரக்கமுள்ள ஒரு பெண் அவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பெயர் நமக்குத் தெரியாது. அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் இந்த வரலாறே இல்லை. திருச்சபையைத் தாங்குவோர் பலருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இராது என்பதை, நன்கொடையாளர் பட்டியல் அச்சாகும் இந்த விழா மலரில் நினைவுகூர்வது நல்லது.

உடல் தேறியதும் ஒரு சிக்கல். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். உயிர் போகிற காரியம். அடிகளார் ஒரு செபமாலையைக் கழுத்தில் எல்லாரும் காணத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். பிச்சை போடுகிறவர்களின் முகத்தைக் கவனித்தார். செபமாலையைக் கண்டதும் எந்தக் கண்கள் கலங்குகின்றன? எந்த வீட்டில் அன்பு கூடுதலாகத் தெரிகிறது?

அப்படி ஒரு வீட்டை அடையாளம் கண்டு, பலநாள் பழகி, ஒருநாள் மெல்லக் கேட்டார்: ஒரு குரு கிடைத்தால் உங்களுக்கு விருப்பமா? பிறகு தாம் யார் என்பதை வெளிப்படுத்தினார்.

29 ஆண்டுகளுக்குப் பின் அந்த வீட்டார் கேட்ட முதல் திருப்பலியை எண்ணிப் பாருங்கள். கோவில் மூடிக்கிடந்து பல மாதங்களுக்குப் பின் நற்கருணை வாங்கியபோது நம்மில் எத்தனை பேர் அழுதோம்! சில மாதங்களுக்கே அப்படி என்றால், அவர்கள் எப்படி அழுதிருப்பார்கள்? முதியவர்கள் நினைவிலிருந்ததை மீண்டும் கண்டார்கள். முப்பது வயதுக்குட்பட்டவர்களோ, தாய் சொல்லக் கேட்டதை முதன்முறையாகக் கண்டார்கள்.

அதன்பின் அவர் சில்லாலைக்குச் சென்றார். விசுவாசத்தில் உறுதியான ஊர் அது. அங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மறைந்து வாழ்ந்து, தமிழில் போதித்து, இரவு நேரங்களில் சுற்றுப்புற ஊர்களுக்குச் சென்று அருட்சாதனங்களை வழங்கினார். பகலில் ஒளிந்தார், இரவில் உழைத்தார்.

துன்பம் தீர்ந்ததா?

இந்தக் கட்டத்தில் கதையை முடித்துவிடலாம். ஆண்டவர் குருவை அனுப்பினார், துன்பம் தீர்ந்தது, எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று எழுதிவிட்டால் கேட்க இனிமையாயிருக்கும். ஆனால் அப்படி நடக்கவில்லை.

1689 கிறிஸ்து பிறப்பு இரவில், திருப்பலிக்காகக் கத்தோலிக்கர் கூடியிருந்த வீட்டுக்குள் ஒல்லாந்த வீரர்கள் புகுந்தார்கள். சுமார் 300 பேர் பிடிபட்டார்கள். அடிகளார் அவர்கள் கண்ணில் படாமல் தப்பினார். பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள், ஆண்களுக்கு அபராதம். எட்டுப் பேரைக் கொடிய கசையடிக்கு உட்படுத்தினார்கள். அவர்களுள் ஒருவர் தோன் பேதுரு என்பவர். சிறிது காலத்திற்கு முன்புதான் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பி வந்தவர். அடிபட்டே உயிர் நீத்தார். மற்றவர்கள் கோட்டையில் கடின வேலைக்குத் தள்ளப்பட்டார்கள்.

குரு இல்லாதபோது அவர்கள் உயிரோடு இருந்தார்கள். குரு வந்ததனால் துன்பம் கூடிற்று! நம் மனித அறிவுக்கு இது எவ்வளவு கசப்பு! ஆண்டவரின் உண்மைத்தன்மை நாம் விரும்பும் வழியில் வருவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அடிகளார் 1690-இல் புத்தளத்துக்கும், 1692-இல் கண்டிக்கும் சென்றார். அங்கே போர்த்துக்கீச ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் சிறை. சிறையிலேயே சிங்களம் கற்றார். சிறையிலேயே திருப்பலி வைத்தார். சிறிது சிறிதாக அவருக்கு உரிமை கிடைத்தது. மழையின்றி நாடு வாடிய ஒரு காலத்தில், அவர் வெளியிடத்தில் பீடம் அமைத்துச் சிலுவையை நாட்டிச் செபிக்க, பெருமழை பெய்தது என்று அவர் வரலாறு கூறுகிறது. 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசரும் பிரபுக்களும் நகரைவிட்டு நீங்கினார்கள். நோயாளிகளை வீட்டாரே காட்டோரம் விட்டுச் சென்றார்கள். அடிகளாரும் அவருடைய உறவினரான கர்வாலியோ அடிகளாரும் சமய வேறுபாடு பாராமல் அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள்.

கண்டி அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் ஒரு பௌத்தர். அவருடைய நிழலில்தான் இலங்கைத் திருச்சபை மூச்சுவிட்டது. கிறிஸ்தவர் துரத்தினார்கள், பௌத்த அரசர் இடம் கொடுத்தார். ஆண்டவர் யாரையெல்லாம் தம் கருவியாக்குகிறார் என்பதை நாம் முன்கூட்டியே வரையறுக்க முடியாது.

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தார்கள். 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். யோசே வாஸ் முனிவர் 24 ஆண்டுகள் உழைத்து, ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல், 1711 சனவரி 16-ஆம் நாள் கண்டியில் உயிர் துறந்தார். அப்போது இலங்கையில் 70,000 கத்தோலிக்கர் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் ஒல்லாந்தரின் தடை அவர் காலத்தில் நீங்கவில்லை. 1795, 96-இல் ஆங்கிலேயர் வந்தபின், 1806-இல் ஆளுநர் மெயிற்லண்ட் காலத்தில்தான் கத்தோலிக்கருக்கு முழு உரிமை கிடைத்தது. 1658-இலிருந்து 1806 வரை கணக்கிட்டால் 148 ஆண்டுகள்! அடிகளார் அந்த விடியலைக் காணவில்லை. அவரிடம் திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளும் காணவில்லை.

அந்த மகனுக்கு என் பதில்

இப்போது அந்த மகனின் கேள்விக்கு வருகிறேன். 1658-க்கும் 1687-க்கும் இடையே, குருவின் முகம் காணாமல் இறந்தவர்களை ஆண்டவர் கைவிட்டாரா?

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. ஆண்டவர் தம் அருளை வழங்க அருட்சாதனங்களை நமக்குத் தந்தார், நாம் அவற்றைத் தேடவேண்டும், அசட்டை செய்யலாகாது. ஆனால் ஆண்டவருடைய கரம் அவற்றால் கட்டப்பட்டதல்ல. பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாத ஆன்மா, ஆண்டவரை எல்லாவற்றுக்கும் மேலாக நேசித்து, பாவத்துக்காக உள்ளபடியே வருந்தி, வழி கிடைத்தால் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு மன்றாடினால், மன்னிப்புப் பெறுகிறது. இதைத்தான் நம் பாட்டன்மார் 'உத்தம மனஸ்தாபம்' என்றார்கள். 2020 மார்ச் மாதம் கோவில்கள் மூடப்பட்ட நாட்களில் திருத்தந்தை பிரான்சிஸ் உலகெங்கும் உள்ள விசுவாசிகளுக்கு நினைவூட்டியதும் இதே போதனைதான்.

யாழ்ப்பாண வீடுகளில் கதவை அடைத்துச் சொல்லப்பட்ட செபங்கள், குருவில்லாக் குறையை ஏதோ கொஞ்சம் ஈடுகட்டிய செபங்கள் என்று நான் முன்பு எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. அந்தச் செபங்களுக்குள்ளேதான் ஆண்டவர் இருந்தார். குரு வந்து ஆண்டவரை அந்த வீடுகளுக்குக் கொண்டுவரவில்லை; அங்கே ஏற்கெனவே இருந்த ஆண்டவரையே வந்து கண்டார். இல்லாவிடில், ஒரு பிச்சைக்காரர் கழுத்திலிருந்த செபமாலையைக் கண்டு ஒருவருடைய கண் ஏன் கலங்கவேண்டும்? 29 ஆண்டுகள் அந்த நெருப்பை அணையாமல் காத்தவர் யார்?

நாம் உண்மை தவறினாலும் அவர் உண்மை தவறமாட்டார் என்ற உறுதியைப் புனித சின்னப்பர் தம் சீடர் திமொத்தேயுவுக்குச் சிறையிலிருந்துதான் எழுதினார் என்பதையும் மறவாதீர்கள். அவரும் விடுதலையைக் காணவில்லை. ஆனால் நம்பிக்கையை இழக்கவில்லை. அவர் நம்பியது விடுதலை நாளையன்று; வாக்களித்தவரை.

சில மாதங்கள் கழித்து அந்த மகனின் வீட்டுக்குப் போனேன். இந்த யாழ்ப்பாண வரலாற்றை அவருக்குச் சொன்னேன். கடைசியில், "உங்கள் அப்பா இரவில் படுக்குமுன் என்ன செபம் சொல்வார்?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். பிறகு, "உத்தம மனஸ்தாப மந்திரம் சாமி. சின்ன வயசுல எங்களையும் முழங்கால்ல நிக்கவச்சுச் சொல்ல வைப்பாரு. கடைசிவரைக்கும் விட்டதில்ல" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. இருவரும் அவருடைய தகப்பனாரின் படத்தின் முன் நின்று அந்தச் செபத்தைச் சேர்ந்து சொன்னோம்.

அவருடைய துயரம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தந்தையை இழந்த துயரம் அப்படித் தீர்வதல்ல. ஆனால் கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கிற்று.

விழா நாளில் ஒரு வேண்டுகோள்

அன்புமிக்க பங்கு மக்களே, 1995-ஆம் ஆண்டு சனவரி 21-ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், யோசே வாஸ் முனிவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 சனவரி 14-ஆம் நாள், அதே கொழும்பில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று மாலையே அவர் எங்கே சென்றார் தெரியுமா? மடு மாதாவிடம் சென்றார். குருவில்லாத 20 குடும்பங்கள் காட்டுக்குள் சுமந்து சென்ற சொரூபத்தின் முன், சவேரியாரின் சபையைச் சேர்ந்த ஒரு திருத்தந்தை நின்றார். அந்தத் திருத்தலமும் இடையில் போரைக் கண்டது. 2008-இல் அந்தச் சொரூபமே மீண்டும் ஒருமுறை இடம்பெயர நேர்ந்தது. அது அதே ஆண்டில் திரும்பி வந்தது. அந்தப் போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் அன்று திருத்தந்தையின் முன் நின்றார்கள். அவர்களுடைய கேள்விகள் இன்னும் முடியவில்லை. ஆயினும் அவர்கள் கையில் செபமாலை இருந்தது.

நம் பங்குக்கு 75 ஆண்டுகளாகக் குரு உண்டு, கோவில் உண்டு, மணி உண்டு. ஆண்டவருக்கு நன்றி. ஆனால் கோபுரத்துக்கு வண்ணம் பூசுவதோடு நம் விழா முடிந்துவிடக் கூடாது. இரவில் வீட்டில் குடும்பச் செபம் நடக்கிறதா? நம் பிள்ளைகளுக்கு விசுவாசப் பிரமாணம் பார்க்காமல் சொல்ல வருமா? மனஸ்தாப மந்திரம் தெரியுமா? நாளை ஒரு நோயோ, ஒரு போரோ, ஒரு புயலோ நம் கோவிலைப் பூட்டிவிட்டால், நம் வீட்டில் விளக்கு எரியுமா? ஒவ்வொரு வீட்டிலும் இரவு பத்து நிமிடம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்தி வைத்துச் சேர்ந்து செபியுங்கள். பவள விழாவுக்கு நான் உங்களிடம் கேட்கும் காணிக்கை இதுதான்.

இந்த விழா நாளில் நோயாலும் கடனாலும் பிரிவாலும் வாடுகின்றவர்கள் நம்மிடையே உண்டு. தேரும் கொடியும் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது இது: உங்கள் துன்பம் எப்போது தீரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் அழத் தொடங்கியபோதே உங்களுக்குரிய பதிலை ஆண்டவர் எங்கோ ஓர் ஊரில், ஒரு சிறு பிள்ளையைப்போல், வளர்த்துக்கொண்டிருக்கலாம். அதுவரை அவர் உங்கள் செபத்துக்குள் உங்களோடு இருக்கிறார்.

புனித யோசேப்பு வாஸ் நமக்காக மன்றாடுவாராக! எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் ஒவ்வொருவரையும், உங்கள் இல்லங்களையும், கல்லறையில் துயிலும் உங்கள் முன்னோரையும் ஆசீர்வதிப்பாராக! ஆமென்.

ஆண்டவரில் உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை